ஜீனுக்குச் சாதி தெரியாது

இளங்கலை மாணவர்களுக்கு மரபியல் செய்முறை வகுப்பு எடுப்பது, முனைவர் பட்ட ஆய்வாளர்களான எங்கள் தலையில் விழும் வேலைகளில் ஒன்று. பட்டாணிக் கணக்கை முடித்துக் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "புலிக்குப் பிறந்தது பூனையாகுமான்னு எங்க தாத்தா சொல்வாருக்கா. மெண்டல் சொன்னதும் அதுதானே?"

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. நம் வீடுகளில் 'ரத்தம்' இருந்த இடத்தில் இப்போது 'ஜீன்' வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆண்ட பரம்பரைப் பெருமை பேசுகிறவர்களும், "மெரிட் ஜீன்லயே இருக்கு" என்று இடஒதுக்கீட்டைப் பழிப்பவர்களும் அந்த ஒரே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மெண்டல் சொன்னது வேறு. உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. அதற்கடுத்த தலைமுறையில் 5474 உருண்டை, 1850 சுருங்கியவை. கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. காணாமல்போன பண்பு அப்படியே திரும்பி வந்தது. ஒவ்வொரு பண்புக்கும் இரண்டு காரணிகள் இருக்கின்றன, பிள்ளைக்குப் போவது அதில் ஒன்றுதான், எது போகும் என்பது காசைச் சுண்டிப் பார்ப்பது போல என்று 1866இல் எழுதிவைத்தார். தாய் தகப்பனிடம் இருப்பதில் பாதிதான் பிள்ளைக்கு வருகிறது. அந்தப் பாதியும் அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு வேறொன்று.

இதைப் பத்துத் தலைமுறைக்குப் பின்னால் கொண்டுபோங்கள். நமக்கு மேலே 1024 முன்னோர் இடங்கள். அவர்களில் பலரிடமிருந்து ஒரு துண்டு டி.என்.ஏ.கூட நம்மிடம் வந்து சேர்ந்திருக்காது. குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் எந்த மன்னரின் படத்தைக் காரில் ஒட்டுகிறோமோ, அவர் உண்மையிலேயே நம் பாட்டனாக இருந்தாலும் கதை அதுதான். மெரிட் பேசுகிறவர்களுக்கு ஒன்று: அளவுகோலால் அளந்துவிடக்கூடிய உயரத்துக்கே சுமார் 12,000 மரபணு வேறுபாடுகள் தொடர்புடையவை என்று கண்டிருக்கிறார்கள். அதற்கு மேல் சிறுவயதில் தட்டில் விழுந்த சோறும் இருக்கிறது. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைச் சாதியின் ஜீனில் தேடுகிறவர், கோச்சிங் கட்டணத்தை எதில் சேர்ப்பாரோ!

சாதி ஜீனை ஒன்றுமே செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறது. அகமணமே சாதியின் சாரம் என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் வாதிட்டார். அகமணத்தில் அந்த 1024 இடங்களை ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப நிரப்புகிறார்கள். ஒடுங்கிக் கிடக்கும் நோய்க்காரணி ஒன்று இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. (முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று பொருளல்ல. காசு ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுண்டப்படுகிறது.) 2017இல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு, தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களைப் பார்த்தது. ஒருசில முன்னோரிடமிருந்து பெருகி, தமக்குள்ளேயே மணந்துவந்ததன் தடம் 81 குழுக்களில் அஷ்கெனாசி யூதர்களிடம் இருப்பதைவிட ஆழமாக இருந்தது. பத்து இலட்சத்தைத் தாண்டிய சாதிகளும் அவற்றில் உண்டு. ஆந்திரத்தின் வைசியர்களில் பலருக்கு, அறுவை சிகிச்சையின்போது கொடுக்கும் ஒரு தசைத் தளர்த்தி மருந்தை உடைக்கும் நொதி குறைவு. மருந்தின் பிடி விலகாமல் மூச்சுத் தசைகள் நெடுநேரம் செயலற்றுக் கிடக்கும்.

இங்கே நம் தோழர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. ஊனமுற்ற குழந்தையின் படத்தைப் போட்டு "சாதிக்குள் கட்டினால் இதுதான்" என்று பகிர்கிறீர்களே, அந்தக் குழந்தையா நம் எதிரி? அகமணத்தால் எந்த நோயுமே வராது என்று நாளை நிரூபணமானால் சாதி சரியாகிவிடுமா? மரபியல் அவர்களின் பொய்யை உடைக்க உதவும். நம் நியாயத்தை அதன் தோளில் ஏற்ற வேண்டியதில்லை.

அடுத்த வாரம் அந்த மாணவி தனியாக வந்தாள். "வீட்ல மாமா பையனைத்தான் பேசி வச்சிருக்காங்கக்கா. பிளட் டெஸ்ட் எடுத்துட்டா போதுமா?"

எந்தெந்த நோய்க்குச் சோதனை உண்டு, எதையெல்லாம் அது காட்டாது என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். பிறகு, "உன்கிட்ட கேட்டாங்களா?" என்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்றாள்.