கட்டணம் மட்டுமா செலவு?

'இலவசமாகக் கொடுத்தால் பெற்றோர் மதிக்க மாட்டார்கள். கோடைகாலத் தெரபி முகாமுக்குக் கட்டணம் வேண்டும்' என்கிறார்கள். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்து அம்மா ஏற்கெனவே கட்டணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு தெரபிக்காகக் காஞ்சிபுரம் போய்வந்தால் அன்றைய நூறுநாள் வேலை போயிற்று. 2024-25இல் அந்தக் கூலி 319 ரூபாய். பேருந்தில் ஏர்ஹாரன் அலறினால் பிள்ளை சன்னலில் தலையை மோதும். ஒரு கையால் அதன் காதைப் பொத்தி, மறு கையால் நெற்றியைத் தாங்குவார். 'பிள்ளை வளர்க்கத் தெரியல' என்ற பேச்சையும் கேட்டுக்கொள்வார். இதைவிடவா மதிக்க வேண்டும்?

முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறதே என்பார்கள். நல்ல நிறுவனம்தான். ஆனால் அது கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. 2019இல் காஞ்சிபுரம் மாவட்டம் பிரிந்தபின் அந்த இடம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும். ஆனால் முதலில் கைக்காசைப் போட்டுவிட்டு, பில்லை அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அந்தக் கைக்காசு யாரிடம் இருக்கிறது?

மே மாதம் பூட்டிக் கிடக்கும் அரசுப் பள்ளி வகுப்பறைகளை ஒன்றியத்திலேயே திறந்துவிடுங்கள். பிள்ளைகளை அலையவிடாமல் தெரபிஸ்டுகளை இங்கே அனுப்புங்கள். கூட வரும் பெற்றோருக்கு அன்றைய கூலியையும் கொடுங்கள்.