கடைக்காரர் தரும் கடன் அட்டையும் நம் மதிப்பெண்ணும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிதம்)

கடன் என்ற சொல்லை உரக்கச் சொல்லவே கூசும் குடும்பங்களிலிருந்துதான் நம்மில் பலர் இக்கல்லூரிக்கு வந்திருக்கிறோம். ஆனால் கடனே இல்லாத குடும்பம் நம்மிடையே உண்டா? மளிகைக் கடை அண்ணாச்சியின் நீள நோட்டில் என் தந்தையின் பெயருக்கு ஒரு பக்கம் உண்டு. கூலி வந்ததும் கொடுப்பார். முடியாத மாதத்தில் பாதி கொடுப்பார். அண்ணாச்சி ஒரு முறை முகத்தைப் பார்ப்பார், பிறகு அரிசியை அளந்து போடுவார். அந்த நோட்டு அந்தக் கடையின் வாசலைத் தாண்டியதில்லை.

இன்று கடைகளில் நம்மை அழைத்து அழைத்துத் தரும் கடன் அப்படிப்பட்டதன்று. கைப்பேசி வாங்கப் போனால் தவணை அட்டை. இணையத்தில் சட்டை வாங்கப் போனால் கடையின் பெயரும் வங்கியின் பெயரும் சேர்ந்து அச்சிட்ட கடன் அட்டை. அட்டையில் கடையின் பெயர் பெரிதாக இருக்கலாம். கடன் கொடுப்பவர் கடைக்காரர் அல்லர்; பின்னால் நிற்கும் வங்கியோ நிதி நிறுவனமோதான். அவர்கள் எழுதும் கணக்கு கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகிறது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், கிரிப் ஹைமார்க் என இந்தியாவில் அவை நான்கு. 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இவற்றை ஆள்கிறது. நாம் வாங்கியது, கட்டியது, கட்டத் தவறியது எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். பாடத்திட்டமும் தராமல், தேர்வு நடக்கிறது என்றும் சொல்லாமல் நடத்தப்படும் தேர்வு இது!

‘நமக்கென்ன, நாம் என்ன வீட்டுக் கடனா வாங்கப் போகிறோம்?’ என்று நண்பர்கள் கேட்கலாம். நம் வகுப்பில் பாதிப் பேர் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறோம் அல்லவா? பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணிக்கு 2023ஆம் ஆண்டு வந்த அறிவிப்பிலேயே கடன் வரலாறு பற்றிய நிபந்தனை இடம்பெற்றது. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகத் தேர்வான ஒருவருக்கு, கடன் வரலாறு சரியில்லை என்று வங்கி நியமனத்தை ரத்து செய்தது. அது சரியே என்று 2025 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடன்களை அடைத்துவிட்டேன் என்ற அவருடைய வாதம் எடுபடவில்லை. கல்விக் கடனுக்கு வரும் மாணவனை மதிப்பெண் குறைவு என்று திருப்பி அனுப்பலாகாது என்று 2023இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது உண்மைதான். ஆனால் வேலைக்கு அந்தக் கருணை இல்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கப் போகும் ஒருவன், கைப்பேசித் தவணை இரண்டை விட்டதற்காக வேலையை இழப்பதென்றால், அவன் மட்டுமா இழக்கிறான்?

ஆகவே அட்டையே வேண்டாம் என்று நான் ஓலமிடவில்லை. கடன் வாங்கவே வாங்காதவனுக்கு மதிப்பெண்ணும் இல்லை. அவனை அளக்க வங்கியிடம் கோலும் இல்லை. எந்த ஏட்டில் நம் பெயர் ஏறுகிறது என்று அறியாமல் கையெழுத்திடக் கூடாது என்பதே என் கட்சி.

முதலில் விண்ணப்பம். நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்த்தால் மதிப்பெண் குறையாது. கடன் கேட்டு நாம் விண்ணப்பித்து, அதற்காக நிறுவனம் எடுத்துப் பார்த்தால் அது பதிவாகும். சில புள்ளிகள் குறையலாம். ஒன்று என்றால் பெரிதில்லை. குறுகிய காலத்தில் நாலைந்து என்றால், ‘இவன் பணத்துக்கு அலைகிறான்’ என்று பொருள் கொள்கிறார்கள். சென்ற ஆண்டு என் அண்ணன் ஒரு கடைக்குக் கைப்பேசி வாங்கப் போனார். அங்கிருந்த விற்பனையாளர், “எது முதல்ல ஓகே ஆகுதோ அதுல போட்டுடலாம் அண்ணே” என்று சொல்லிக்கொண்டே ஒரே மாலையில் மூன்று நிறுவனங்களுக்கு விண்ணப்பித்துவிட்டார். அண்ணன் வாங்கியது ஒரு கைப்பேசி. ஏட்டில் ஏறியது மூன்று விசாரணை. அந்தப் பையனைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவனும் நம்மைப் போல் ஒருவன்தான். மாதம் இத்தனை அட்டை என்று அவன் தலையில் இலக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் ‘கடன் தருவது யார்? ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள்’ என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. நம் அறிக்கையை எவரேனும் எடுத்தால் நமக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருக்கிறது.

அடுத்தது வரம்பு. கடை அட்டைகளில் முதலில் தரும் வரம்பு சிறியதாகவே இருக்கும். 20,000 ரூபாய் வரம்புள்ள அட்டையில் 18,000 ரூபாய்ப் பொருளை வாங்கினால் வரம்பில் 90 விழுக்காடு தீர்ந்தது. முப்பது விழுக்காட்டுக்குள் நிறுத்துவது நல்லது என்பது இத்துறையில் பலரும் சொல்லும் அளவு. தவணை அட்டையில் கதை வேறு: வாங்கும் பொருள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கடனாக ஏட்டில் ஏறும். மிக்சி ஒரு கடன், காதொலிக் கருவி ஒரு கடன்!

‘வட்டியே இல்லை’ என்ற பலகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கணித மாணவனுக்குக் கை அரிக்கிறது. கைப்பேசியின் விலை 18,000 ரூபாய், மாதம் 3,000 வீதம் ஆறு தவணை, வட்டி சுழியம். ரொக்கமாகக் கொடுப்பவருக்கு 1,200 ரூபாய் தள்ளுபடி உண்டு, தவணைக்காரருக்கு அது இல்லை; போதாததற்கு முதலிலேயே 500 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நமக்கு உண்மையில் கிடைத்த கடன் 16,300 ரூபாய்தான். திருப்பித் தருவதோ 18,000. போட்டுப் பார்த்தேன்: மாதம் ஏறத்தாழ 2.9 விழுக்காடு, ஆண்டுக்கு 35 விழுக்காட்டை நெருங்குகிறது. வட்டியில்லாத் தவணை என்பதே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. பலகை இன்னும் இறங்கவில்லை. தவணைக் கடனுக்கு ஆண்டு வட்டியும் எல்லாக் கட்டணமும் அடங்கிய ஒரு தாளை, நமக்குப் புரியும் மொழியில், கையெழுத்துக்கு முன் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் விதி. கேட்டு வாங்குங்கள்.

கட்டும் நாள் பற்றி விரிக்க வேண்டியதில்லை. தவறினால் மற்றதெல்லாம் வீண். கடன் அட்டையில் கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தவறியதாக அறிவிக்கலாம் என்று 2022ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அது வங்கிச் சேவையகம் மக்கர் செய்யும் நாளுக்கு, நாம் நம்பியிருப்பதற்கன்று. பயன்படுத்தாத அட்டை தானே செத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஆண்டுக் கட்டணம் ஏறி, அதற்குத் தாமதக் கட்டணம் ஏறி, ஏட்டில் கறை விழும். வேண்டாமென்றால் பாக்கியைத் தீர்த்து எழுதிக் கொடுத்து மூடச் சொல்லுங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டியவர்கள் அவர்கள்.

சம்பளம் இல்லாத மாணவனுக்கு என்ன வழி? கடை அட்டையைவிட, வங்கியில் சிறு வைப்புத் தொகை போட்டு அதன் பேரில் பெறும் அட்டையே நல்லது என்பேன். வருமானச் சான்று கேட்டு அலைக்கழிக்க மாட்டார்கள்; மாதம் ஒரு பேருந்துக் கட்டண அளவுக்குச் செலவழித்து முழுவதும் கட்டி வந்தால் ஏட்டில் நல்ல பெயர் ஏறும். அதற்கும் கையில் காசு வேண்டுமே என்கிறீர்களா? ஆம், வேண்டும். ஏழைக்கு மதிப்பெண்ணும் எளிதில் வருவதில்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இது 2017 முதல் நடைமுறை. மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் கணினி ஆய்வகத்தில் ஒரு பிற்பகல் உட்கார வைத்து, அவரவர் அறிக்கையை அவரவரே எடுத்துப் பார்க்கச் செய்யலாம். வாங்காத கடன் எவர் பெயரிலேனும் ஏறியிருந்தால் அங்கேயே முறையீடு எழுதிவிடலாம். முப்பது நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வேலைக்கான நேர்முகத் தேர்வுகள் தொடங்குவதற்கு முன்பே, டிசம்பர் மாதத்தில் இதைச் செய்தால் நன்று.