விழா எடுக்குமுன் கணக்குக் காட்டுங்கள்!

1987 ஜூலை 29-ந் தேதி கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சமாதானம் பிறந்துவிட்டது என்று இரு சர்க்கார்களும் பறைசாற்றின. 2027-ல் அதற்கு நாற்பது ஆண்டு நிறைகிறது. ஆண்டு நிறைவு என்றால் சர்க்காருக்குக் கை சும்மா இருக்காது. பந்தல், மாலை, தபால் தலை என்று திட்டம் கிளம்பும். அதற்கு முன்பே நாம் கேட்டு வைக்கிறோம்: எதற்கு விழா? எழுதியதற்கா, செய்ததற்கா?

வேலைநிறுத்தம் முடிந்து கூலி ஒப்பந்தம் ஆனதும் முதலாளி கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொள்கிறான். தொழிலாளி போட்டோவைப் பார்ப்பதில்லை. சம்பளப் பட்டியலைப் பார்க்கிறான். நாமும் அப்படியே பார்ப்போம்.

48 மணி நேரத்தில் சண்டை நிற்கும் என்று எழுதினார்கள். அக்டோபரிலேயே, அமைதி காக்கப் போன இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் போரில் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் கொல்லப்பட்டனர். இந்தியச் சிப்பாய்கள் சுமார் 1,200 பேர் மடிந்தனர். அவர்களும் ஏழை எளியவர் பெற்ற பிள்ளைகளே. கொழும்பு அருகே அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் பிரதமர் மோடி அங்கே அஞ்சலி செலுத்தினார். செத்தவர்களுக்கு மரியாதை செய்வதை நாம் குறை கூறவில்லை. அந்த மாலைக்குப் பின்னால் ஒப்பந்தத்தின் பாக்கியை ஒளிக்காதீர்கள் என்கிறோம்.

பாக்கி என்ன? 1988 முடிவதற்குள் கிழக்கில் பொதுஜன வாக்கெடுப்பு என்றார்கள், நடக்கவில்லை. வடக்கு-கிழக்கு இணைப்பு செல்லாது என்று 2006-ல் இலங்கை சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. வடக்கு மாகாண சபைக்கு 2013-ல்தான் முதல் தேர்தல். 2018-ல் அதன் காலம் முடிந்ததும் ஆண்டுக்கணக்கில் கவர்னர் ஆட்சி. தமிழ்நாட்டு அகதிகளைத் துரிதமாகத் திருப்பி அனுப்புவோம் என்றார்கள். 34 ஆண்டு கழித்து, 2021-ல், தமிழக சட்டசபையில் சொல்லப்பட்ட கணக்குப்படி முகாம்களில் மட்டும் 58 ஆயிரம் பேருக்கு மேல்! 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை.

எதுதான் நடந்தது? ஒப்பந்தத்தோடு மாற்றிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலை எண்ணெய்த் தொட்டிகளும் இருந்தன. அது மட்டும் மறக்கவில்லை. 2022 ஜனவரியில் 99 தொட்டிகளுக்கும் பங்கு பிரித்துக் கையெழுத்தாயிற்று: இந்தியன் ஆயிலின் இலங்கைக் கம்பெனிக்கு 14, கூட்டுக் கம்பெனிக்கு 61, இலங்கை பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24. எண்ணெய்க்கு ஞாபகம் உண்டு, மனிதனுக்கு இல்லை!

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைத் தொழிலாளத் தோழர்களே! விவசாயக் கூலித் தோழர்களே! இது கடலுக்கு அப்பால் உள்ள சங்கதி என்று ஒதுக்காதீர்கள். பிரஜை என்ற உரிமையில்லாதவன் குறைந்த கூலிக்கும் வாய் திறக்க அஞ்சுவான். அவனைக் காட்டி நம் கூலியையும் அமுக்குவான் காண்ட்ராக்டர். அவன் உரிமையும் நம் கூலியும் ஒரே கயிற்றில் கட்டியவை.

ஆகவே ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் கேளுங்கள்: இங்கே வாழ விரும்பும் அகதிக்குக் குடியுரிமை கொடு! திரும்ப விரும்புவோருக்கு வீடும் நிலமும் பாதுகாப்பும் உறுதி செய்! மாகாண சபைகளுக்கு உரிய அதிகாரம் கொடுக்க இலங்கையை வற்புறுத்து!

பாக்கியைத் தீர்த்துவிட்டு விழா எடுங்கள். நாமும் வருகிறோம்.