மானியம் காற்றாடிக்கா, கரண்ட்டுக்கா?

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழி தாண்டினால் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். முப்பந்தல் காற்றாலைகள். சாலையின் இரண்டு பக்கமும் மலையடிவாரம் வரை நிற்கின்றன. கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் எல்லாம் ஒரே அளவில்லை என்பது தெரியும். குட்டையாக இருப்பவை 1990களில் நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். இன்று வருவதோ ஒன்றே 2,000, 3,000 கிலோவாட். அந்தக் காலத்தில் கிடைத்த இயந்திரம் அதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் நாட்டிலேயே நல்ல காற்று அடிக்கிற இடங்களில் ஒன்றை அவை இன்னும் பிடித்துக்கொண்டு நிற்பது ஏன்? இதற்குப் பதில் தேடினால் காற்றை விட்டுவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் இது ஆரம்பித்தது 1986இல், தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் மின்வாரியம் வைத்த சோதனைக் காற்றாலைகளோடு. தனியார் கூட்டமாக வந்தது 1990களில். அவர்களை இழுத்து வந்தது தேய்மானச் சலுகை. ஒரு இயந்திரம் வாங்கினால் அதன் தேய்மானத்தை வருடா வருடம் கொஞ்சமாக லாபத்திலிருந்து கழிப்பது வழக்கம். காற்றாலைக்கு மட்டும் முதல் வருடமே 100 சதவீதத்தையும் கழித்துக்கொள்ளலாம் என்றது மத்திய அரசு. 2002இல் அது 80 ஆனது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு மில் முதலாளி 5 கோடிக்குக் காற்றாலை வைத்தார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 4 கோடியை முதல் வருட லாபத்திலேயே கழித்துவிடலாம். வரி 33 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1 கோடியே 32 லட்சம் அந்த வருடம் கட்ட வேண்டாம். (வரி மொத்தமாகத் தள்ளுபடி இல்லை, தள்ளிப்போகிறது. ஆனால் வியாபாரிக்குக் கையில் இருக்கும் பணம்தான் பணம்.) அந்தக் காற்றாடி ஒரு யூனிட்கூட அதிகமாகச் சுற்ற வேண்டிய கட்டாயம் இதில் எங்கும் இல்லை. நட்டால் போதும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. முழுச் சலுகை வேண்டுமானால் அந்த நிதியாண்டில் இயந்திரம் 180 நாளாவது ஓடியிருக்க வேண்டும், இல்லையென்றால் பாதிதான். ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் நட்டுவிட ஓட்டம் ஓடினார்கள். தென் மாவட்டங்களில் காற்று சீசனே மே முதல் செப்டம்பர் வரைதான். காற்று விடைபெறும் சமயத்தில் காற்றாலைக்குத் திறப்பு விழா!

இந்த மாதிரி மானியத்தின் பலவீனம் அதை எடுக்கும்போது தெரியும். 1996இல் குறைந்தபட்ச மாற்று வரி வந்தது, முப்பந்தல் பக்கம் புதுக் காற்றாலை நடுவது சடாரென்று குறைந்தது. 2012 ஏப்ரலில் தேய்மானச் சலுகையை நிறுத்தினார்கள், கூடவே உற்பத்தி ஊக்கத்தொகையும் நின்றது. நாடு முழுக்க ஒரு வருடத்தில் 3,000 மெகாவாட்டுக்கு மேல் நட்டுக்கொண்டிருந்தவர்கள் அடுத்த வருடம் 1,700 பக்கம் வந்துவிட்டார்கள். காற்று அதே காற்றுதான்.

அந்த உற்பத்தி ஊக்கத்தொகைதான் சரியான பாதை. 2009 டிசம்பரில் அறிவித்தார்கள். கிரிட்டுக்குத் தரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா, தேய்மானச் சலுகை எடுத்தவர்களுக்குக் கிடையாது. அமெரிக்கா இந்தப் பாடத்தை முன்பே படித்துவிட்டது. 1980களில் கலிபோர்னியாவில் முதலீட்டுக்கு வரிச்சலுகை கொடுத்து, ஓடாத காற்றாடிகள் நிறைய முளைத்தன. 1992இல் சட்டத்தை மாற்றி யூனிட்டுக்கு இத்தனை சென்ட் என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். நம் ஊரில் 2012இல் நின்ற இரண்டு சலுகைகளும் பிறகு திரும்பி வந்தன. 2017இல் யூனிட் தொகை நின்றுபோக, தேய்மானச் சலுகை மட்டும் 40 சதவீதமாகக் குறைந்து தொடர்ந்தது. நிற்க வேண்டியது எதுவோ அது நிற்கவில்லை.

சரி, இதெல்லாம் மத்திய அரசு கொடுத்தது. மானியம் என்ற பெயரே இல்லாமல் மின்வாரியம் கொடுத்த ஒன்றும் இருக்கிறது. அதற்குப் பெயர் பேங்கிங். ஜூலையில் மில்லுக்குத் தேவைக்கு மேல் காற்றாலை கரண்ட் வந்தால் அதை வாரியத்திடம் விட்டு வைக்கலாம், ஜனவரியில் காற்றில்லாதபோது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அறுவடை நேரத்தில், எல்லார் வீட்டிலும் நெல் இருக்கும்போது ஒரு மூட்டையைக் கொடுத்துவிட்டு, விலை ஏறிய பிறகு அதே மூட்டையை வாங்கிக்கொள்வது போல. வாரியம் அன்றைக்கு வெளிச்சந்தையில் அதிக விலைக்கு வாங்கியாவது கொடுக்க வேண்டும். 2006இல் ஒழுங்குமுறை ஆணையம் இதற்குக் கழிவு 5 சதவீதம் என்றது. 2018இல் அது 14 ஆனது.

மில்காரர்களைக் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை. 2008க்குப் பிறகு வந்த மின்வெட்டுக் காலத்தில் பல நூற்பாலைகள் மூடாமல் தப்பியதே சொந்தக் காற்றாலையால்தான். தவிர, காற்று நன்றாக அடிக்கும் நாளில் கிரிட் தாங்காது, நிறுத்து என்று வாரியமே சொன்னதுண்டு. அந்த யூனிட்கள் போனது போனதுதான்.

ஆனால் செலவை யார் கொடுக்கிறார்கள் என்று யாராவது கேட்க வேண்டாமா? 2003 மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. ஒரு பிரிவு நுகர்வோருக்கு மானியம் தர வேண்டும் என்று மாநில அரசு நினைத்தால் அந்தத் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். விவசாய பம்ப்செட்டுக்கு அப்படிக் கணக்கு எழுதுகிறார்கள், பட்ஜெட்டில் எண் வருகிறது, சட்டசபையில் திட்டவும் முடிகிறது. பேங்கிங்குக்கு அப்படி ஒரு வரி பட்ஜெட்டில் கிடையாது. கழிவு போக மீதிச் சுமை வாரியத்தின் நஷ்டத்தில் கரைந்து, காற்றாலை வைக்க முதல் இல்லாத சின்னப் பட்டறைக்காரரின் பில்லில் வந்து நிற்கிறது. சுத்தமான கரண்ட்டுக்காக அந்த மில்லுக்கு மானியம் தரலாம், தரவும் வேண்டும். அதை யூனிட் கணக்கில், அரசு கஜானாவிலிருந்து, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி தர வேண்டும்.

முப்பந்தலின் குட்டைக் காற்றாடிகளுக்கு வருவோம். பழையதைக் கழற்றிப் பெரியது வைக்க 2024இல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. மில் சங்கங்களின் எதிர்ப்பு நீதிமன்றம் வரை போனது. அதே இடத்தில் பல மடங்கு கரண்ட் வரும் என்பது அவர்களுக்கும் தெரியும். புது இயந்திரம் வைத்தால் பழைய பேங்கிங் அப்படியே கிடைக்குமா, கட்டணம் எவ்வளவு என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. பதில் சாதகமாக இல்லாதவரை, 1995இல் நட்ட 250 கிலோவாட் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.