முகம் காட்டாத கதை



கைவிடப்பட்ட ஒரு பச்சிளங்குழந்தையின் கதையோடு 1983-ல் தொடங்கியது, எங்களுக்குப் பக்கத்தில் திருவேற்காட்டில் இருக்கும் ‘உதவும் கரங்கள்’ ஆதரவற்றோர் இல்லம். கதை கேட்டால் கை தானாக நீளும். அதில் தவறே இல்லை.

ஆனால், போன மாதம் வேறோர் இல்லத்திலிருந்து தபாலில் ஓர் இதழ் வந்தது. வழவழப்பான அட்டையில் எட்டு வயதுச் சிறுமியின் முகம். உள்ளே அவள் பெயர், ஊர், அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடித்தது எல்லாம். பின்னட்டையில் 80ஜி வரிச்சலுகை, க்யூஆர் கோடு. பணம் அனுப்ப எடுத்த கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டேன். அவளோடு படிக்கும் பிள்ளைகள் கையில் அது கிடைத்தால்?

பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் இதழ்களில் வெளியிடக் கூடாது என்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. குழந்தைகள் நலக் குழு காரணம் எழுதி அனுமதித்தால் மட்டுமே விலக்கு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இல்லம் நடத்துபவர்களே, அரிசி மூட்டை என்ன விலைக்கு வாங்கினீர்கள், காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு ராத்திரி முழுக்க யார் விழித்திருந்தார்கள் என்று எழுதுங்கள். கடைசி வரி வரை படிப்பேன், பணமும் அனுப்புவேன்.

– ஒரு வாசகி, மாங்காடு