பீர் கம்பெனிகள் போட்ட ரகசியக் கூட்டு: காட்டிக் கொடுத்த கம்பெனிக்கு அபராதம் இல்லை!

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிகிறது. இரும்பு ஆலைத் தொழிலாளி வெளியே வருகிறார். ஒரு கடையில் பழம் விலை அதிகம் என்றால், அடுத்த கடைக்குப் போகிறார். கடைக்காரர்கள் போட்டி போடுவதால் அவருக்கு நாலு காசு மிச்சம்.

கடைக்காரர்கள் எல்லோரும் இரவில் ஒன்றுகூடி, "நாளை முதல் இந்த விலைக்குக் குறைத்து யாரும் விற்கக்கூடாது" என்று முடிவு செய்துவிட்டால்? அவர் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே விலைதான்! இப்படிக் கூட்டுச் சேருவது குற்றம் என்கிறது, 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டம்.

பீர் வியாபாரத்தில் இதுதான் நடந்தது.

தீர்ப்பு

2021 செப்டம்பர் 24-ந் தேதி, இந்தியப் போட்டி ஆணையம் தீர்ப்பு கூறியது. கிங்பிஷர் பீர் தயாரிக்கும் யுனைடெட் புரூவரீஸ், சாப்மில்லர், கார்ல்ஸ்பெர்க் ஆகிய 3 கம்பெனிகளும் 2009 முதல் 2018 வரை கூட்டுச் சேர்ந்து விலை வைத்தன என்று அது கண்டறிந்தது. கார்ல்ஸ்பெர்க் 2012-ல்தான் இந்தக் கூட்டில் சேர்ந்தது. பீர் உற்பத்தியாளர்கள் சங்கமே இந்தப் பேச்சுக்கு மேடையாகவும் இருந்தது.

பல மாநிலங்களில் பீர் விலையை உயர்த்த சர்க்காரின் அனுமதி வேண்டும். யார் எவ்வளவு கேட்பது என்று இவர்கள் முன்கூட்டியே பேசிக்கொண்டார்கள். சில மாநிலங்களில் சரக்கு அனுப்புவதையும் பேசிவைத்துக் கட்டுப்படுத்தினார்கள். பெங்களூரில் பெரிய இடங்களுக்குச் சரக்கு கொடுப்பதிலும் கூட்டு. பழைய பாட்டில் வாங்குவதில்கூட 2 கம்பெனிகள் பேசிவைத்துக்கொண்டன. காலி பாட்டிலையும் விடவில்லை!

ஆந்திரா, கர்நாடகம், மராட்டியம், ஒடிசா, ராஜஸ்தான், மேற்கு வங்காளம், டெல்லி, புதுச்சேரி ஆகிய இடங்களில் இந்த விலைக் கூட்டு நடந்தது. தமிழ்நாடு இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கும்மிடிப்பூண்டியைத் தாண்டிச் சிறிது தூரம் போனாலே ஆந்திர எல்லை வந்துவிடும்.

"விலையை முடிவு செய்வது சர்க்கார்தானே?" என்று கம்பெனிகள் வாதாடின. அந்த வாதம் எடுபடவில்லை.

எப்படி வெளியே வந்தது?

2016-ல் சாப்மில்லரை ஆன்ஹாய்சர் புஷ் இன்பெவ் என்ற வெளிநாட்டுக் கம்பெனி வாங்கியது. 2017-ல் அந்தக் கம்பெனியே ஆணையத்திடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டது. 2018 அக்டோபர் 10-ந் தேதி அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். கம்பெனி அதிகாரிகள் ஒருவருக்கொருவர் அனுப்பிய கடிதங்களும் செய்திகளும் சிக்கின.

முதலில் உண்மையைச் சொல்பவருக்கு அபராதத்தை முழுவதும் தள்ளுபடி செய்ய சட்டத்தில் இடம் உண்டு. அதனால் அந்தக் கம்பெனிக்கு ஒரு காசுகூட அபராதம் இல்லை. பிறகு ஒத்துழைத்த யுனைடெட் புரூவரீசுக்கு 40 சதவீதம் குறைத்து, 751 கோடியே 83 லட்சம் ரூபாய். கார்ல்ஸ்பெர்க்குக்கு 20 சதவீதம் குறைத்து, 120 கோடியே 64 லட்சம்.

குற்றம் செய்தவரைச் சும்மா விடலாமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் பூட்டிய அறையில் பேசிய பேச்சை, உள்ளே இருந்த ஒருவர் சொன்னால்தானே வெளியே தெரியும்? திருடர் கூட்டத்தில் ஒருவன் அப்ரூவராக மாறுவது போலத்தான் இது.

வீட்டுக்கு என்ன லாபம்?

"பீர் விலை ஏறினால் நல்லதுதானே, குடிப்பது குறையுமே" என்று வீட்டுப் பெண்கள் சொல்லலாம். அவர்கள் பட்ட கஷ்டம் அப்படிச் சொல்ல வைக்கிறது. ஆனால் வரி ஏறினால், அந்தப் பணம் சர்க்காருக்குப் போகும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று திரும்பி வரலாம். கம்பெனிகள் கூடிப் பேசி ஏற்றிய விலையோ கம்பெனிக்கே போகிறது. பழக்கத்தை விடாத மனிதர் பாட்டிலைக் குறைக்கமாட்டார். வீட்டுக்குக் கொடுக்கும் அரிசிப் பணத்தில்தான் கை வைப்பார்.

இதே சட்டம் வீடு கட்டும் சிமெண்டுக்கும் உண்டு. 2012-ல் 11 சிமெண்டு கம்பெனிகளுக்கு 6 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போடப்பட்டது. அந்த வழக்கும் அப்பீல், மறு விசாரணை என்று இழுத்தது.

பீர் வழக்கிலும் அப்படியே. கம்பெனிகளின் அப்பீலை 2022 டிசம்பரில் மேல்முறையீட்டு மன்றம் தள்ளியது. அவை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 2023 பிப்ரவரியில் அபராத வசூலுக்குத் தடை கிடைத்தது.

அபராதம் வசூலானாலும் அது சர்க்கார் கஜானாவுக்குத்தான் சேரும். 9 ஆண்டுகள் கூடுதல் விலை கொடுத்தவர், நஷ்டஈடு வேண்டுமானால் தனியாக மனு போட வேண்டும். பீர் பாட்டிலுக்கு யார் ரசீதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்?