தூங்கி எழுந்த லேப்டாப்பும் தொலைந்து போன ஓப்பனிங் பேலன்ஸும்

பி.காம் படிக்கிறவன் டிரைவர் பற்றி எழுதினால் பஸ் டிரைவர் என்றுதான் நினைப்பீர்கள். இது கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர் :-)

போன மாதம் தொண்டூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மகளிர் குழுக் கூட்டம். அம்மாவுக்காக சந்தா, கடன் பாக்கி எல்லாம் என் பழைய லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லை. பேட்டரி மிச்சமாகட்டும் என்று மூடி வைத்தேன். எல்லோரும் வந்ததும் திறந்தால் லினக்ஸ் எழுந்துவிட்டது, டச்பேட் எழவில்லை. பவர் பட்டனை அழுத்தி அணைத்தேன். சேமிக்காத 12 பேர் கணக்கு போயே போச்சு. கீபோர்டு உயிரோடுதான் இருந்தது, கண்ட்ரோல் எஸ் அடித்திருக்கலாம். அந்தப் பதட்டத்தில் எங்கே தோன்றுகிறது?

"சஸ்பெண்ட் பண்ணாதடா, ஷட்டவுன் பண்ணு" என்றான் நண்பன். எனக்கு இது ஒப்பவே இல்லை. தப்பு டிரைவர் மேல் இருக்கும்போது நான் ஏன் மாற வேண்டும்?

இன்டரப்ட் என்பது, விரல் பட்டதும் டச்பேட் பிராசசருக்கு அடிக்கும் மணி. மணி அடிக்க அனுமதி உண்டா என்பது வன்பொருளின் ரிஜிஸ்டரில் ஒரு பிட். ஆழ்ந்த தூக்கத்தில் ராமுக்கு மட்டும் மின்சாரம் இருக்கும், மற்ற சாதனங்களின் ரிஜிஸ்டர்கள் அழிந்துபோகலாம். 2009-ல் வந்த 2.6.30 முதல் லினக்ஸ் கெர்னல் தூங்கும்போது இன்டரப்ட் லைன்களைத் தானே அடைத்து, எழும்போது தானே திறக்கிறது. ஆனால் அது கெர்னல் பக்கத்துக் கதவு. சாதனத்துக்குள் இருக்கும் பிட்டைத் திரும்ப எழுத டிரைவரால்தான் முடியும். மார்ச் 31 குளோசிங் பேலன்ஸை ஏப்ரல் 1-ல் ஓப்பனிங்காக எடுத்து எழுதாத கணக்குப்பிள்ளையை யாராவது வேலையில் வைப்பார்களா?

பிறகு சோதித்துப் பார்த்தேன். ப்ராக் அடைவில் இன்டரப்ட்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் 1-ஆம் வரி கீபோர்டு, 12 டச்பேட். தூங்கி எழுந்தபின் எவ்வளவு தேய்த்தாலும் 12-இன் எண்ணிக்கை ஏறவில்லை. மணியே அடிக்கவில்லை! பிஎஸ்மவுஸ் மாட்யூலைக் கழற்றித் திரும்ப ஏற்றினேன், உடனே ஓடியது. அதாவது முதல்முறை தொடங்கும் வேலை ஒழுங்காக நடக்கிறது, தூங்கி எழும் வழியில்தான் ஓட்டை.

திறந்துவிட்டால் மட்டும் போதாது, வரிசையும் முக்கியம். முதலில் சாதனத்தைத் தயார் செய்து, பழைய மணி ஏதாவது பாக்கி இருந்தால் அழித்து, கடைசியில்தான் அனுமதி தர வேண்டும். யாருமே பொறுப்பேற்காத மணி விடாமல் அடித்தால், ஒரு லட்சத்தில் 99,900-க்கு மேல் அப்படிப் போனதும் "யாரும் கண்டுகொள்ளவில்லை" என்று லாகில் எழுதிவிட்டு கெர்னல் அந்த லைனையே மூடிவிடும். அந்த லைனைப் பங்குபோடும் மற்ற சாதனங்களும் சேர்ந்து முடங்கும். பாவம்.

டிரைவர் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பூட் ஆகிறதா என்றுதான் பார்க்கிறார்கள் என்பது என் சந்தேகம். நூறு முறை தூங்க வைத்து எழுப்பிப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும். 2011-ல் அரசு இலவச லேப்டாப்கள் பாஸ் லினக்ஸோடும் வந்தன. டெர்மினலே பார்க்காத வீடுகளுக்கும் லினக்ஸ் போய்ச் சேர்ந்த ஊர் இது. எல்லோர் வீட்டிலும் மாட்யூல் கழற்றி மாட்ட ஆள் இருப்பார்களா?

இப்போது தூக்கம் கலைந்ததும் மாட்யூலைத் திரும்ப ஏற்ற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டிருக்கிறேன். அம்மா மட்டும் கணக்கை நோட்டிலேயே எழுதுகிறார்.